ஹெல்மார் பூசணிக்காய் வழக்கு

காலையில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் நின்று டீ குடிக்கும் செண்பகவல்லி, அந்தச் சூடு நாக்கைவிட்டுப் போவதற்குள் பனி கொட்டும் ஹெல்மார் துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருப்பாள். விசா கிடையாது, விமானம் கிடையாது, வாசலில் நின்று அழுது வழியனுப்ப ஆளும் கிடையாது. பைபாஸ் ரோட்டோரம் கம்பெனி போட்டிருந்த நீளமான கொட்டகைக்குள் போய், மெல்லிய கம்பி ஓடுகிற வலைச்சட்டையை மாட்டிக்கொண்டு தன் நாற்காலியில் சாய்ந்தால் போதும். கண்ணைத் திறக்கும்போது வடக்கே, கடலே உறைந்துபோகிற ஓர் ஊரில், இரும்பு உடம்பு ஒன்றுக்குள் நிற்பாள். கையை நீட்டவேண்டும் என்று இவள் நரம்பு நினைத்தால் அந்த இரும்புக் கை நீளும். அது தொடுகிற குளிர் இவள் விரலில் சில்லிடும்.

கம்பெனிக் காகிதங்களில் அந்த உடம்புக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. கொட்டகையில் எல்லோரும் ‘கூடு’ என்றுதான் சொன்னார்கள். கூடு விட்டுக் கூடு பாய்கிற வித்தையைச் சித்தர்கள் செய்தார்களோ இல்லையோ, தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த கோவில்பட்டிப் பெண்கள் செய்தார்கள். அதுவும் ஷிப்ட் போட்டு.

செண்பகவல்லி ஒரு வரிசைக்கு லீடர். அவள் வாய்க்குக் கொட்டகையே பயப்படும். ஆனால் யாருக்காவது ஒன்று என்றால் முதலில் ஓடி வருவதும் அவள்தான். ஜெசிந்தாவுக்கு அடிபட்ட அன்றும் அவள்தான் ஓடினாள்.

அது ஆடி மாதம். ஹெல்மாரின் மூன்றாம் மேடையில் பளுதூக்கியின் சங்கிலி அறுந்து ஜெசிந்தாவின் கூட்டின் மேல் விழுந்தது. வலது கை நசுங்கிவிட்டது. கம்பெனி அந்த இரும்புக் கையைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுநாளே புதுக் கை மாட்டியது. ஜெசிந்தாவுக்கு மாட்ட யாரிடம் புதுக் கை இருக்கிறது? நாற்காலியில் கிடந்த அவள் கையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அவள் மூளை, அந்தக் கை போய்விட்டது என்று தீர்மானம் பண்ணிவிட்டது. தோளிலிருந்து கை சும்மா தொங்கியது. கிள்ளினாலும் தெரியவில்லை, சுட்டாலும் தெரியவில்லை. மகளுக்குச் சடை பின்னிவிடக்கூட முடியாமல் அந்தப் பிள்ளை தலையை விரித்துப்போட்டுப் பள்ளிக்கூடம் போனது.

வைத்தியம் இல்லாமல் இல்லை. ஹெல்மார் துறைமுக ஆஸ்பத்திரியில் இருந்தது, அங்கே மட்டும்தான் இருந்தது. இப்படி அடிபடுகிற துறைமுகத் தொழிலாளிக்கு நரம்பைத் திரும்பப் பழக்கிக் கொடுக்கவேண்டும் என்று அந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது. டாக்டர் விமானம் ஏறி வரவேண்டியதில்லை, அதே வலைச்சட்டை வழியாகவே செய்துவிடலாம். ஆனால் வருஷம் திரும்புவதற்குள் செய்யவேண்டும். தாண்டினால் போன கை போனதுதான்.

ஜெசிந்தா மனு போட்டாள். ஹெல்மார் தொழிலாளர் அலுவலகம் அவள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் நான்காவது பத்தியைத் திருப்பிக் காட்டியது. ‘பணியாளர் தமது பணியின் எந்தக் கட்டத்திலும் ஹெல்மாரில் இருப்பதாகக் கருதப்படமாட்டார்.’ சரி என்று இங்கே உள்ள அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர் நல்ல மனுஷர், காபி எல்லாம் வாங்கிக் கொடுத்தார். “சங்கிலி விழுந்த இடம் நம்ம எல்லையில இல்லையேம்மா, நான் என்ன பண்ணட்டும்?” என்றார். வேலை அங்கே, நாற்காலி இங்கே, ஜெசிந்தா மட்டும் எங்கேயும் இல்லை!

இதிலேயே கொட்டகை பாதி பயந்துபோயிருந்தது. சங்கிலி சத்தம் கேட்டாலே ஆட்கள் கையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். புரட்டாசி பிறந்ததும் செண்பகவல்லி ஒரு முடிவுக்கு வந்தாள்.

“இந்த வருசம் கூட்டுக்கெல்லாம் ஆயுத பூசை போட்டு, திருஷ்டி சுத்திப்போடுதோம். யாரு கண்ணு பட்டுச்சோ.”

லீவு கேட்டுப் பார்த்தார்கள். கம்பெனியின் கணக்கு எப்போதும் ஒன்றுதான். ஹெல்மார் பண்டிகைக்கு லீவு கேட்டால், “நீங்க இருக்கிறது கோவில்பட்டியிலதானே” என்பார்கள். கோவில்பட்டிப் பண்டிகைக்குக் கேட்டால், “வேலை நடக்கிறது ஹெல்மார்லதானே” என்பார்கள். மேனேஜர் ரகோத்தமன் அதையே இந்தத் தடவையும் சிரித்துக்கொண்டே சொன்னார். செண்பகவல்லியும் சிரித்துக்கொண்டே, “மத்தியானத்துக்கு மேல நாங்க தொடமாட்டோம் சார், பூசையில வச்ச ஆயுதத்தை எடுத்தா கை விளங்காது” என்றாள். கை என்ற சொல் காதில் விழுந்ததும் ரகோத்தமன் சரி என்று தலையை ஆட்டிவிட்டார்.

பூஜைச் சாமான் ஹெல்மாரில் கிடைக்கவேண்டுமே! அங்கே போர்மேனாக இருந்தவர் யோரன் என்ற அந்த ஊர்க்காரர், தாடி வைத்த சாதுவான ஆள். கூடுகளோடு பேசுவதற்கு மொழிபெயர்ப்புக் கருவி உண்டு, ஆனால் கம்பெனி அதற்கு வேலைச் சொற்களை மட்டும்தான் கற்றுக்கொடுத்திருந்தது. கயிறு, கொக்கி, இழு, நிறுத்து. பூசணிக்காய் அதில் இல்லை. செண்பகவல்லியின் கூடு இரண்டு கையாலும் உருண்டையாகக் காட்டி, மண்டையில் அடிப்பதுபோல் அடித்துக் காட்டி, கடைசியில் தரையில் படம் வரைந்தது. யோரன் பளிச்சென்று சிரித்துவிட்டு, மறுநாள் சந்தையிலிருந்து மஞ்சள் பூசணி ஒன்றைத் தோளில் தூக்கிவந்தார். நம்மூர் வெள்ளைப் பூசணி இல்லைதான். அந்தக் குளிரில் இதுவாவது காய்க்கிறதே!

அன்றைக்கு மத்தியானம் கூடுகள் எல்லாம் ஷெட்டில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் கப்பலுக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு. துறைமுகத்தில் தீ வைக்கக்கூடாது என்பதால் சூடத்துக்கு வழியில்லை. வெல்டிங் பிரிவு முத்துக்கருப்பன் தன் கூட்டின் கையால் பொறி பறக்கவிட்டுத் தீபாராதனை காட்டினான். இங்கே கொட்டகையில் நாற்காலியில் கிடந்த அத்தனை பேர் கண்ணிலும் தண்ணீர். செண்பகவல்லி பூசணியைக் கோதி, உள்ளே சிவப்புப் பெயிண்டை ஊற்றி, வரிசையை மூன்று சுற்றுச் சுற்றி, ஷெட் வாசலில் ஓங்கிப் போட்டு உடைத்தாள். பிறகு கூடுகளை அப்படியே நிறுத்திவிட்டு எல்லோரும் நாற்காலியைவிட்டு இறங்கிப் பொரிகடலை தின்னப் போனார்கள். ஜெசிந்தா வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டவள், இருந்தாலும் பொரி என்றால் முதல் ஆள். இடது கையால் அள்ளி அள்ளித் தின்றாள்.

நம்மூரில் வாசலில் பூசணி உடைந்து கிடந்தால் சின்னப்பிள்ளைகூடத் தாண்டிப் போகும், சைக்கிள்காரன் ஒடித்து ஓட்டுவான். ஹெல்மாரில் யாருக்கு அது தெரியும்? அதைச் சொல்லி வைக்கவேண்டும் என்று கொட்டகையில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஷெட்டைப் பூட்டவந்த யோரன் பெயிண்டிலும் விதையிலும் கால் வைத்து, சர்ரென்று வழுக்கி, குப்புற விழுந்தார்.

“அய்யய்யோ, அண்ணாச்சி விழுந்துட்டாரு!” என்று கொட்டகைச் சுவரில் ஷெட்டைக் காட்டிக்கொண்டிருந்த திரையைப் பார்த்து முத்துக்கருப்பன் கத்தினான்.

செண்பகவல்லி கையிலிருந்த பொரியைக் கொட்டிவிட்டு நாற்காலிக்கு ஓடினாள். பூஜையில் வைத்ததை எடுக்கலாமா என்று யோசிக்கவே இல்லை. பொட்டு வைத்த கூடு கண்ணைத் திறந்தது. யோரனின் கணுக்கால் திரும்பிக் கிடந்தது. அவரைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முதலுதவி அறைக்கு ஓடினாள். ஓடுகிற ஓட்டம் முழுக்கத் திட்டு. “கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? பாத்து வரக்கூடாதா? புள்ளகுட்டிக்காரரு, இப்படியா விழுவாங்க? பாவி நான், ஓரமா உடைச்சிருக்கக்கூடாதா…” அவரைத் திட்டியதில் பாதி, தன்னைத் திட்டியதில் பாதி.

துறைமுகத்தில் யாருக்கு எலும்பு முறிந்தாலும் அந்த ஊர்ப் போலீஸ் தானாக வரும். வந்தது. விசாரித்தது. மறு வாரமே நீதிமன்றத்திலிருந்து செண்பகவல்லி பேருக்கு சம்மன் வந்துவிட்டது. நடைபாதையில் ஆபத்தான பொருளைப் போட்டுக் காயம் உண்டாக்கிய குற்றம்.

ரகோத்தமன் அவளை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“நீங்க ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. மிஷின்ல கோளாறுன்னு கம்பெனி வக்கீல் சொல்லிடுவார். நீங்க அங்க இல்லவே இல்லை. கேட்டா, ‘நான் கோவில்பட்டியில நாற்காலியில இருந்தேன்’னு ஒரே வார்த்தை. அவ்வளவுதான். அடுத்த மாசம் உங்களை சூப்பர்வைசர் ஆக்கறதா மேலிடத்துல பேசியாச்சு.”

செண்பகவல்லிக்கு முதலில் உயிர் வந்தது. பிறகு உறுத்தியது. ஜெசிந்தாவின் மனுவில் ஒரு கையெழுத்துக்கூடப் போடாத கம்பெனிக்கு, தன் மேல் என்ன இவ்வளவு பாசம்? நேராக வக்கீல் காஜா முகைதீன் அறைக்குப் போனாள். ஜெசிந்தாவின் மனுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர் அவர். ஜெசிந்தாவும் அங்கேதான் இருந்தாள்.

சம்மனைப் படித்த காஜா முகைதீன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மனுஷர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

“தாயி, நீ எவ்வளவு பெரிய காரியம் பண்ணியிருக்கேன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும் பாய். ஒரு நல்ல மனுசன் காலை ஒடிச்சுப்போட்டேன்.”

“அதில்லம்மா. வேலை விஷயத்துல நீ எங்க இருந்தேன்னு ஒப்பந்தம் சொல்லும். நீ ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டிருக்க, அதை அசைக்க முடியல. ஆனா குத்தத்துக்கு ஒப்பந்தம் கிடையாது. நீ எங்க இருந்தேன்னு கோர்ட்டுதான் சொல்லணும். அங்க இல்லாத ஒருத்தி அங்க உள்ள நடைபாதையில பூசணிக்காய் உடைக்க முடியுமா? நீ குத்தவாளின்னு தீர்ப்பு ஆச்சுன்னா, வேலை நேரத்துல நீ ஹெல்மார்ல இருந்தேன்னு அந்த நாட்டுக் கோர்ட்டே சொன்னதா ஆகும். நீ இருந்தேன்னா, ஜெசிந்தாவும் இருந்தா. அந்த நாலாவது பத்தி செல்லாது. கம்பெனி பயப்படுறது உனக்காக இல்ல, அதுக்காக.”



“ஜெயில்ல போடுவாங்களா?” என்று செண்பகவல்லி கேட்டாள்.

“போடலாம்.”

“இந்த ஊர் ஜெயில்லயா, அந்த ஊர் ஜெயில்லயா?”

“அது அவங்களுக்கே தெரியாதும்மா. இதுவரைக்கும் இப்படி ஒரு கேஸே வந்ததில்ல. வேலை போனாலும் போகும், அதையும் சொல்லிடுதேன்.”

ஜெசிந்தா சட்டென்று எழுந்தாள். “வேண்டாம்க்கா. எனக்காக நீ குத்தவாளி ஆகணுமா? ஒத்தக் கையோட நான் எப்படியோ பொழச்சுக்கிடுவேன்.”

“ஏட்டி, உக்காரு. உனக்காக என்ன பொய்யா சொல்லப்போறேன்? உடைச்சது நான்தானே! நடக்குற பாதையில அறிவில்லாம போட்டது நான்தானே! அங்க இல்லன்னு சொன்னாத்தான் பொய்யி. அவரு காலு மெனக்கெட்டு தானா ஒடிஞ்சுதாக்கும்?” என்றாள் செண்பகவல்லி. சொல்லச் சொல்ல அவளுக்கே தைரியம் ஏறியது. “ரெண்டு வருசமா அந்தக் குளிர்ல நின்னு வேலை பாத்திருக்கேன். நான் அங்க இல்லன்னு இன்னொருத்தன் எப்படிச் சொல்லுவான்?”

வழக்கு நாளில் காஜா முகைதீன் அறையிலேயே மூன்று வலைச்சட்டைகள் வந்து இறங்கின. ஹெல்மார் நீதிமன்றம் அனுப்பியவை. தொலைதூரத்துச் சாட்சிகளுக்காக அந்த நீதிமன்றமே புத்தம்புதிய கூடுகள் வாங்கி வைத்திருந்தது. “பாத்தியா, சாட்சி சொல்ல அதுல வந்தா வந்ததா கணக்காம், வேலை செய்ய வந்தா வரலையாம்” என்று வக்கீல் முணுமுணுத்தார். மூன்றாவது நாற்காலியில் அவரும் சாய்ந்துகொண்டார்.

நீதிபதி நரைத்த தலையோடு ஒரு பெண்மணி. பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். குற்றச்சாட்டைப் படித்து முடிப்பதற்குள் கம்பெனி வக்கீல் எழுந்துவிட்டார். செண்பகவல்லிக்காக அவர் உருகியதைப் பார்த்தால் பெற்ற அப்பன் தோற்றான். இந்தப் பெண் அப்பாவி, உத்தமி, சம்பவம் நடந்தபோது ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்தவள், எல்லாம் இயந்திரக் கோளாறு என்று அடுக்கினார். உலகத்தில் எந்த முதலாளியாவது கூலிக்காரி ஒருத்தியின் நிரபராதித்தனத்துக்காக இவ்வளவு பெரிய வக்கீலை வைத்திருப்பானா?

“குற்றம் சாட்டப்பட்டவர் என்ன சொல்கிறார்?” என்று நீதிபதி கேட்டார்.

“அவரு சொல்றதக் கேக்காதீங்கம்மா. கோளாறெல்லாம் ஒண்ணும் இல்ல. நான்தான் உடைச்சேன். திருஷ்டி கழியணும்னு உடைச்சேன், வழுக்கும்னு யோசிக்காமப் போட்டது என் தப்பு. அன்னைக்கு நான் அங்கதான் இருந்தேன்.”

கம்பெனி வக்கீல் ஆட்சேபம் தெரிவித்தார். ஒருவர் தான் எங்கே இருந்தோம் என்று தானே சொல்லிக்கொள்வது சாட்சியமாகாது என்றார். நீதிபதி யோசித்துவிட்டு யோரனைக் கூப்பிட்டார். காலில் கட்டோடு, ஊன்றுகோல் பிடித்து வந்தார் யோரன். செண்பகவல்லிக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

“உங்களைக் காயப்படுத்தியது ஓர் இயந்திரமா, ஓர் ஆளா?”

யோரன் தாடியைத் தடவினார். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். “நான் முப்பது வருடமாக இயந்திரங்களோடு வேலை செய்கிறேன். இயந்திரம் என்னை இடித்திருக்கிறது, ஒருமுறை நசுக்கவும் பார்த்தது. அன்று விழுந்தவுடன் இவர் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஓடும்போது முழுக்க என்னைத் திட்டினார். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் திட்டு என்று தெரிந்தது, என் அம்மா அப்படித்தான் திட்டுவார். எந்த இயந்திரமும் என்னை இதுவரை திட்டியதில்லை, நீதிபதி அவர்களே. இவர் என் கூட இருந்தார்.”

 இரும்புக் கூட்டுக்கு அழத் தெரியாது, கோவில்பட்டியில் நாற்காலியில் கிடந்த செண்பகவல்லியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

நீதிபதி அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கவனக்குறைவு நிரூபணமாகிறது, குற்றம் நடந்த இடத்தில் குற்றவாளி பணியில் இருந்தார் என்பதும் நிரூபணமாகிறது என்றார். தண்டனையாக, அந்தப் பனிக்காலம் முடியும்வரை ஞாயிறுதோறும் துறைமுக நடைபாதையில் அவர் பனி அள்ளவேண்டும். அவ்வளவுதான்.

கோவில்பட்டி அறையில் திரை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த முத்துக்கருப்பனும் மற்றவர்களும் போட்ட கூச்சல் ஹெல்மார் நீதிமன்றம்வரை கேட்டது. மொழிபெயர்ப்பாளர் பதறிப்போனார். தான்தான் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று நினைத்து, “அம்மா, நீங்கள் குற்றவாளி என்று தீர்ப்பாகியிருக்கிறது” என்று மறுபடி நிதானமாகச் சொன்னார்.

“புரிஞ்சிருச்சு சார். நல்லா புரிஞ்சிருச்சு. அடுத்த வருசம் ஓரமா உடைச்சுக்கிடுதோம்னு அம்மாகிட்ட சொல்லுங்க.”

கம்பெனி வக்கீல் உடனே எழுந்து மேல்முறையீடு என்றார். நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். “இந்த வழக்கில் உங்கள் நிறுவனம் குற்றவாளி இல்லையே. மேல்முறையீடு செய்கிற உரிமை தண்டனை பெற்றவருக்கு மட்டும்தான் உண்டு.” பிறகு செண்பகவல்லியிடம் திரும்பினார். “செய்கிறீர்களா?”

கம்பெனி வக்கீல் அவளைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு கெஞ்சல். தலையைக்கூட லேசாக ஆட்டிக் காட்டினார்.

“எதுக்கும்மா? தீர்ப்பு நல்லாத்தானே இருக்கு” என்றாள் செண்பகவல்லி.

நீதிபதி அந்த வழக்குக் கட்டை மூடி வைத்தார். காஜா முகைதீன் அதற்காகவே காத்திருந்தவர்போல் எழுந்து, தொழிலாளர் அலுவலகம் தள்ளுபடி செய்த மனு ஒன்று இதே நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கிறது என்றும், இப்போது தந்த தீர்ப்பை வைத்து அதை இன்றே எடுக்கவேண்டும் என்றும், தாமதித்தால் சிகிச்சை பயன்படாது என்றும் கேட்டுக்கொண்டார். நீதிபதி தேதியைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். செண்பகவல்லி கூண்டைவிட்டு இறங்கினாள். ஜெசிந்தாவின் கூடு ஏறியது.

அந்த நாட்டில் வலது கையைத் தூக்கித்தான் சத்தியம் செய்வார்கள். மொழிபெயர்ப்பாளர் சொன்னார். எல்லோரும் காத்திருந்தார்கள். நீதிமன்றம் சொந்தக் காசில் வாங்கிய கூடு அது, ஒரு திருகாணிகூடத் தளரவில்லை. ஆனால் வலது கை எழவில்லை. தோளிலிருந்து அப்படியே தொங்கியது.

“இயந்திரத்தில் பழுதா?” என்று நீதிபதி ஊழியரிடம் கேட்டார். ஊழியர் அவசரமாகச் சோதித்துப் பார்த்து, ஒரு பழுதும் இல்லை என்றார்.

ஜெசிந்தா தன் இடது கையால் அந்த வலது கையை மணிக்கட்டோடு பிடித்து, மெல்ல மேலே தூக்கி, முகத்துக்கு நேராக நிறுத்தினாள். இரும்பு விரல்கள் மடங்கித் தொங்கின.

 நீதிபதி முதல் கேள்வியைக் கேட்டார்.

“விபத்து நடந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?”

“ஹெல்மார்ல, மூணாம் மேடையில” என்றாள் ஜெசிந்தா.

கம்பெனி வக்கீல் எழுந்திருக்கவில்லை.